நிலப் பத்திரம் எழுதுவோர், பதிவு செய்வோர் மீதான அரசுக் கண்காணிப்பு (தமிழ்நாடு)

நிலம், வீடு, மனை முதலிய அசையாச் சொத்துகளுக்கான பத்திரங்களை எழுதும் ஆவண எழுத்தர்களும், அவற்றைப் பதிவு செய்யும் சார்பதிவாளர்களும் சட்டப்படி நடக்கிறார்களா என்று மேற்பார்வை செய்வதற்குத் தமிழ்நாட்டில் ஓர் அரசு ஏற்பாடு உள்ளது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம், தமிழ்நாடு பதிவு விதிகள், 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆவண எழுத்தர் உரிம விதிகள் ஆகியவை இதற்கு அடிப்படை. மாநிலப் பதிவுத்துறை இதை நடத்துகிறது. இத்துறை வணிகவரி மற்றும் பதிவுத்துறை அமைச்சரின் பொறுப்பில் வருகிறது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 580 சார்பதிவாளர் அலுவலகங்கள் இயங்குகின்றன.

ஒரு சாதாரணக் குடும்பம் தன் ஆயுளில் செய்யும் மிகப்பெரிய பணப் பரிமாற்றம் பெரும்பாலும் இந்த அலுவலகங்களில்தான் நடக்கிறது. அங்கே ஒரு கையெழுத்தோ ஒரு சர்வே எண்ணோ தவறினால், அதைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். ஆகவே, இந்த அலுவலர்களை யார் கண்காணிக்கிறார்கள், அவர்களின் அதிகாரம் எதுவரை செல்லும், தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பவை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

பதிவு எதை உறுதி செய்கிறது

கண்காணிப்பைப் புரிந்துகொள்வதற்கு முன், பதிவு என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் பதிவு செய்யப்படுவது ஆவணம், சொத்துரிமை அன்று. 'இன்னார் இன்னாருக்கு இன்ன சொத்தை இன்ன தேதியில் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்ததை அலுவலர் முன் ஒப்புக்கொண்டார்' என்பதே பதிவு தரும் சான்று. எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சொத்தில் உண்மையாக உரிமை இருந்ததா என்பதைப் பதிவு உறுதி செய்வதில்லை. உரிமை பற்றிய சண்டையைத் தீர்க்கும் இடம் உரிமையியல் நீதிமன்றம்.

பலரும் 'பத்திரம் பதிவாகிவிட்டது, இனி நிலம் நம்முடையது' என்று எண்ணுகிறார்கள். விற்றவருக்கு உரிமை இல்லையென்றால், பதிவான பத்திரமும் வாங்கியவருக்கு உரிமை தராது. அதே வேளை, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனைப் பத்திரம் பதிவாகாவிட்டால், சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி அது சொத்தைப் பாதிக்காது. எனவே பதிவு தேவையானது. ஆனால் பதிவு மட்டும் போதுமானதன்று. சார்பதிவாளரின் கடமைகள், அவருடைய அதிகாரத்தின் எல்லை, அவர் மீதான மேற்பார்வை ஆகிய எல்லாமே இந்த அடிப்படையிலிருந்து எழுகின்றன.

வரலாறு

ஆவணத்தை ஊரறியச் சரிபார்க்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனையைக் குறிக்கும் இடங்களில் 'ஆவணக்களரி' என்னும் சொல் வருகிறது. பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் விவரிக்கும் வழக்கும் ஓர் ஆவண வழக்கே. சுந்தரர் கிழித்தது படியோலை என்று சொல்லும் முதியவர், மூல ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபை முன் வைக்கிறார். சபையில் அந்த ஓலை படிக்கப்படுகிறது. சாட்சிகள் தங்கள் கையெழுத்தைப் பார்க்கிறார்கள். எழுதியவரின் எழுத்து, காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிடப்படுகிறது. மூல ஆவணம், சாட்சி, கையெழுத்து ஒப்பீடு, பாதுகாப்பான காப்பகம் என்னும் நான்கும் இன்றைய பதிவு முறையிலும் உண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்துக்கு 1802ஆம் ஆண்டின் 17ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் ஆவணப் பதிவுக்கு வழி செய்தது. நாடு முழுமைக்குமான முதல் பதிவுச் சட்டம் 1864இல் இயற்றப்பட்டு 1865 முதல் நடைமுறைக்கு வந்தது. அது 1866, 1871, 1877 ஆகிய ஆண்டுகளில் திருத்தி எழுதப்பட்டது. இன்றுள்ள 1908ஆம் ஆண்டுச் சட்டம் 1909 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

விடுதலைக்குப் பின், 'ஆவணப் பதிவு' என்னும் பொருள் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இடம்பெற்றது. ஆகையால் மத்தியச் சட்டத்துக்கு மாநிலச் சட்டமன்றம் திருத்தம் செய்யலாம். அது மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். தமிழ்நாடு பலமுறை இவ்வாறு திருத்தியுள்ளது.

மேற்பார்வையின் படிநிலை

பதிவுத்துறையின் தலைமை அலுவலர் பதிவுத்துறைத் தலைவர். அவருக்குக் கீழே மண்டலங்களுக்குத் துணைப் பதிவுத்துறைத் தலைவர்களும், பதிவு மாவட்டங்களுக்கு மாவட்டப் பதிவாளர்களும், கடைசியாகச் சார்பதிவாளர்களும் உள்ளனர். வருவாய் மாவட்டமும் பதிவு மாவட்டமும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே வருவாய் மாவட்டத்துக்குள் இரண்டு பதிவு மாவட்டங்கள் இருக்கக்கூடும்.

சட்டத்தின் இரண்டு பிரிவுகள் இந்தப் படிநிலைக்கு உயிர் கொடுக்கின்றன. 68ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு சார்பதிவாளரும் தம் மாவட்டப் பதிவாளரின் மேற்பார்வையிலும் கட்டுப்பாட்டிலும் கடமையாற்ற வேண்டும். சார்பதிவாளரின் செயல் அல்லது செயலின்மை பற்றிப் புகார் வந்தாலும் வராவிட்டாலும், மாவட்டப் பதிவாளர் தக்க ஆணை பிறப்பிக்கலாம். 69ஆம் பிரிவு, மாநிலத்தின் எல்லாப் பதிவு அலுவலகங்கள் மீதும் பொது மேற்பார்வை அதிகாரத்தைப் பதிவுத்துறைத் தலைவருக்குத் தருகிறது. விதிகள் செய்யும் அதிகாரமும் அவருக்கே. அவ்விதிகள் அரசின் ஒப்புதல் பெற்று அரசிதழில் வெளியாக வேண்டும். அவை சட்டத்துக்கு முரணாக இருக்கக் கூடாது.

நடைமுறையில் மாவட்டப் பதிவாளர்கள் நிர்வாகம், தணிக்கை என இரு பணிகளாகப் பிரிந்துள்ளனர். நிர்வாகப் பிரிவினர் மேல்முறையீடு, புகார் விசாரணை, அலுவலக ஆய்வு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். தணிக்கைப் பிரிவினர் பதிவான ஆவணங்களை எடுத்து, முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சரியாக வசூலிக்கப்பட்டனவா என்று பார்க்கிறார்கள். இவற்றுக்கு அப்பால், இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையும் மாநில வருவாயைத் தணிக்கை செய்யும்போது பதிவு அலுவலகக் கணக்குகளை ஆராய்கிறது.

பத்திரம் எழுதுவோர்

முன்பு கிராமங்களில் பத்திரம் எழுதக் கர்ணத்தை அழைப்பது வழக்கம். நிலத்தின் நான்கு எல்லையும் பாத்தியதையும் அவருக்கு மனப்பாடமாக இருந்தன. பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்ட பின் கிராம நிருவாக அலுவலர்கள் வந்தார்கள். பத்திரம் எழுதுவது தனித் தொழிலாகவே நின்றது.

1982ஆம் ஆண்டின் உரிம விதிகள் அத்தொழிலை ஒழுங்குபடுத்தின. உரிமம் இல்லாதவர் பத்திரம் எழுதுவதைத் தொழிலாக நடத்த முடியாது. வழக்கறிஞர்கள் தம் தொழில் தகுதியின் பேரில் ஆவணம் தயாரிக்கலாம். சொத்தை எழுதிக் கொடுப்பவர் தம் ஆவணத்தைத் தாமே எழுதிக்கொள்ளவும் தடையில்லை. தயாரித்தவர் யார் என்பது ஆவணத்தின் அடியில் பெயரோடும் உரிம எண்ணோடும் குறிக்கப்பட வேண்டும். இதன் பயன், பின்னால் தகராறு எழுந்தால் எழுதியவரைத் தேடிப் பிடித்துக் கேட்க முடியும் என்பது. எழுத்துக் கூலிக்கு வரம்பு உண்டு. முறைகேடு நிறுவப்பட்டால் உரிமத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ துறைக்கு அதிகாரம் உண்டு.

ஆவண எழுத்தர் அரசு ஊழியர் அல்லர். ஆனால் மக்களுக்கும் அலுவலகத்துக்கும் இடையில் நிற்பவர் அவரே. 'ஆபீஸ் செலவு' என்ற பெயரில் கூடுதல் பணம் கேட்கப்படுவதாக எழும் புகார்களில் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் பேசப்படுகிறது. அரசுக்குச் செல்லும் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றுக்கு ரசீது உண்டு. ரசீது இல்லாத எந்தத் தொகையும் அரசுக்குச் செல்வதன்று.

சார்பதிவாளர் பார்க்க வேண்டியவை

சார்பதிவாளர் பதவிக்கு நேரடி நியமனம் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 2 தேர்வு வழியாக நடக்கிறது. பதவி ஏற்றவுடன் அவர்மேல் விழும் கடமைகளைச் சட்டம் வரிசையாகச் சொல்கிறது.

ஆவணம் எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் தாக்கல் செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும் (பிரிவு 23). தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதம் ஏற்பட்டால், மேலும் நான்கு மாதங்கள் வரை அபராதத்தோடு ஏற்க மாவட்டப் பதிவாளர் ஆணையிடலாம் (பிரிவு 25). எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஆள் உண்மையில் எழுதிக் கொடுத்தாரா, எதிரே நிற்பவர் அந்த ஆள்தானா, பிரதிநிதியாக வந்தவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று விசாரிக்க வேண்டும் (பிரிவு 34). அவர் 'நான் எழுதிக் கொடுக்கவில்லை' என்று மறுத்தாலோ, சிறுவர் என்றோ சித்தசுவாதீனம் இல்லாதவர் என்றோ தெரிந்தாலோ பதிவை மறுக்க வேண்டும் (பிரிவு 35). 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 32அ பிரிவின்படி, ஆவணத்தைத் தாக்கல் செய்வோரின் புகைப்படமும் விரல் ரேகையும் ஒட்டப்பட வேண்டும். சொத்து விற்பனை என்றால் விற்பவர், வாங்குபவர் இருவருடையவையும் வேண்டும்.

அவர் பார்க்கக் கூடாததும் ஒன்று உண்டு. தமிழ்நாடு பதிவு விதிகளின் 55ஆம் விதி, ஆவணம் சட்டப்படி செல்லுமா என்பது பற்றிச் சார்பதிவாளர் கவலைப்பட வேண்டியதில்லை என்கிறது. நீதிபதியின் இடத்தில் அவர் அமரக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

எனினும் சில சொத்துகளுக்குத் தடை உண்டு. அரசு நிலம், இந்து சமய அறநிலையத்துறையின் கீழுள்ள கோயில் நிலம், வக்ஃப் சொத்து, பூதான நிலம் ஆகியவற்றை உரிய அனுமதி இன்றி மாற்றும் ஆவணங்களையும், அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவு தொடர்பான சில ஆவணங்களையும் 22அ பிரிவு தடுக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற கோயில் நகரங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்பிரிவு அடிக்கடி பேச்சில் அடிபடுகிறது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களும் உழுதவர்களும், தங்கள் சர்வே எண் கோயில் பெயரில் முடக்கப்பட்டிருப்பதைப் பத்திரம் எழுதப் போகும்போதுதான் அறிகிறார்கள். அத்தகைய நிலையில் சார்பதிவாளரிடம் வாதிடுவதில் பயனில்லை. அறநிலையத்துறையின் தடையின்மைச் சான்றோ நீதிமன்றத் தீர்ப்போ தேவை.

பதிவு மறுக்கப்பட்டால்

பதிவை வாய்மொழியாக மறுக்கும் அதிகாரம் எந்தச் சார்பதிவாளருக்கும் கிடையாது. மறுத்தால் அதற்கான காரணத்தை இரண்டாம் புத்தகத்தில் எழுதி, ஆவணத்தின் மேல் 'பதிவு மறுக்கப்பட்டது' என்று குறித்து, கேட்பவருக்குக் காரணத்தின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும் (பிரிவு 71). 'நாளை வாருங்கள்', 'மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்' என்று திருப்பி அனுப்புவது மறுப்பாணை ஆகாது. எழுத்தில் வாங்கினால்தான் மேல்முறையீட்டுக்கு வழி பிறக்கும்.

மறுப்பாணை வந்த 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம் (பிரிவு 72). எழுதிக் கொடுத்தவர் மறுத்ததால் பதிவு நின்றிருந்தால், அது 73ஆம் பிரிவின்படி மனுவாகச் செல்லும். அதற்கும் 30 நாளே. அம்மனுவில் மாவட்டப் பதிவாளர் சாட்சிகளை அழைத்து விசாரிக்கலாம். அவரும் மறுத்தால், 30 நாளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் (பிரிவு 77). இந்த 30 நாள் கணக்கைத் தவறவிட்டுவிட்டு வருந்துவோர் உண்டு.

பணம் தொடர்பான கண்காணிப்பு

தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2017 முதல் 4 விழுக்காடாக இருந்து, 2023 ஏப்ரலில் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இதில் விற்பனை மதிப்பைக் குறைத்துக் காட்டும் ஆசை இயல்பாகவே எழுகிறது. அதைத் தடுக்க வழிகாட்டி மதிப்பு வைக்கப்பட்டுள்ளது.

ஆவணத்தில் மதிப்பு குறைத்துக் காட்டப்பட்டிருப்பதாகச் சார்பதிவாளர் கருதினால், முத்திரைச் சட்டத்தின் 47அ பிரிவின்படி அதைத் தனித்துணை ஆட்சியரின் முடிவுக்கு அனுப்பலாம். அந்த முடிவின்மேல் பதிவுத்துறைத் தலைவரிடமும், பின்னர் உயர் நீதிமன்றத்திலும் முறையிடலாம். வழிகாட்டி மதிப்பு என்பது பெயருக்கேற்ப வழிகாட்டிதான். இறுதியான சந்தை மதிப்பு அன்று. கிணறு வற்றிய புஞ்சைக்கும் வாய்க்கால் பாயும் நஞ்சைக்கும் ஒரே மதிப்புப் போடப்பட்டிருந்தால், அதை எதிர்த்துக் கேட்க நில உடைமையாளருக்கு உரிமை உண்டு.

30 இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துப் பரிமாற்றங்களை வருமான வரித்துறைக்குத் தெரிவிப்பதும் பதிவு அலுவலகத்தின் கடமை. விற்பனையில் 2 இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறியதாக ஆவணத்தில் கண்டால் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கூறியுள்ளது.

கணினி வழியான கண்காணிப்பு

2018 பிப்ரவரியில் 'ஸ்டார் 2.0' என்னும் இணையவழிப் பதிவு முறை தமிழகமெங்கும் தொடங்கப்பட்டது. ஆவண விவரங்களை முன்கூட்டியே இணையத்தில் ஏற்றி, நேரம் முன்பதிவு செய்து, கட்டணத்தை இணையவழி செலுத்தி அலுவலகம் செல்லலாம். வருவாய்த்துறையின் 'தமிழ்நிலம்' தரவுத்தளத்தோடு இது இணைக்கப்பட்டது. பதிவு முடிந்ததும் பட்டா மாறுதல் விண்ணப்பம் தானாகவே வருவாய்த்துறைக்குச் செல்கிறது.

இந்த மாற்றம் மேற்பார்வையின் தன்மையையே மாற்றியுள்ளது. முன்பு ஆய்வு அலுவலர் நேரில் வந்து புத்தகங்களைப் புரட்ட வேண்டும். இப்போது எந்த ஆவணம் எத்தனை நாளாக நிலுவையில் உள்ளது, எவர் நிறுத்தினார், எந்தச் சர்வே எண் முடக்கப்பட்டுள்ளது என்பவற்றை மேலலுவலர் தம் இடத்திலிருந்தே பார்க்க முடியும். ஆனால் கணினி, தனக்குள் ஏற்றப்பட்ட தகவலை மட்டுமே அறியும். பட்டாவில் இறந்துபோன பாட்டனின் பெயர் இன்னும் இருந்தால், கணினியும் அதையே காட்டும்.

குற்றமும் தண்டனையும்

பதிவு அலுவலரோ அலுவலக ஊழியரோ, பிறருக்குத் தீங்கு விளைவிக்கும் எண்ணத்தோடு, தவறு என்று தெரிந்தே ஆவணத்தில் குறிப்பு எழுதினாலோ நகல் எடுத்தாலோ பதிவு செய்தாலோ 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம் (பிரிவு 81). பதிவு அலுவலர் முன் பொய் சொல்வோருக்கும், ஆள்மாறாட்டம் செய்வோருக்கும், அதற்கு உடந்தையாய் இருப்போருக்கும் இதே அளவு தண்டனை உண்டு (பிரிவு 82). ஆளைத் தெரியும் என்று பொய்யாகச் சாட்சிக் கையெழுத்துப் போடுபவரும் இதில் சிக்கலாம். 'சும்மா ஒரு கையெழுத்து' என்று கேட்பவர்களுக்கு உதவப் போகும் முன் இதை நினைவில் கொள்வது நல்லது.

பதிவு அலுவலர் பொது ஊழியர் (பிரிவு 84). எனவே லஞ்சம் வாங்கினால் 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தும். 1964இல் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் இத்தகைய புகார்களை விசாரிக்கிறது. மறுபக்கம், நல்லெண்ணத்தோடு செய்த அலுவலுக்காக அவர்மேல் வழக்குத் தொடர முடியாது (பிரிவு 86). நேர்மையான அலுவலர் அச்சமின்றிப் பணியாற்ற இந்தப் பாதுகாப்பு தேவை. போலி அடையாள அட்டையைக் காட்டி ஏமாற்றியவரையும், தெரிந்தே கண்மூடிய அலுவலரையும் வேறுபடுத்துவதுதான் ஒவ்வொரு விசாரணையிலும் கடினமான பகுதி.

மோசடிப் பத்திரத்தை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு?

கண்காணிப்பில் மிகப் பெரிய வாதம் நடந்தது இந்தக் கேள்வியின் மேல்தான். ஒரு பத்திரம் ஆள்மாறாட்டத்தில் பதிவானது என்று தெரிந்த பின், அதைத் துறையே ரத்து செய்ய முடியுமா, அல்லது பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடர்ந்துதான் தீர வேண்டுமா?

2011 நவம்பரில் பதிவுத்துறைத் தலைவர் வெளியிட்ட சுற்றறிக்கை, மோசடிப் பதிவுப் புகார்களை மாவட்டப் பதிவாளர்கள் விசாரிக்க வழி காட்டியது. பதிவான ஆவணத்தை ரத்து செய்யும் அதிகாரம் பதிவு அலுவலருக்குச் சட்டத்தில் தரப்படவில்லை என்று, மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2016இல் கூறியது. சட்டத்திலேயே அதிகாரம் தந்துவிட்டால் என்ன என்ற எண்ணத்தோடு, தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்று 2022 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது.

அத்திருத்தத்தில் மூன்று பகுதிகள் முக்கியமானவை. போலி ஆவணங்களையும், தடை செய்யப்பட்ட அல்லது நீதிமன்றத்தால் பற்றுகை செய்யப்பட்ட சொத்து ஆவணங்களையும் மறுக்க 22ஆ பிரிவு. அவ்வாறான ஆவணம் பதிவாகிவிட்டால் மாவட்டப் பதிவாளர் விசாரித்து ரத்து செய்ய 77அ பிரிவு. தடையை மீறிப் பதிவு செய்யும் அலுவலருக்கு 3 ஆண்டு வரை சிறை என்னும் 81அ பிரிவு.

77அ பிரிவு வந்ததும் மாவட்டப் பதிவாளர் அலுவலகங்களில் மனுக்கள் குவிந்தன. உண்மையான பாதிப்புகளோடு, அண்ணன் தம்பி பாகத் தகராறுகளும் பழைய உயில் சண்டைகளும் அங்கே வந்தன. சொத்துரிமையை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. நிர்வாக அலுவலரிடம் அதை ஒப்படைப்பது சரியா என்ற கேள்வி எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு 2024இல் 77அ பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

அடுத்த ஆண்டு விதி 55அ வீழ்ந்தது. முந்தைய மூல ஆவணத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டாவிட்டால் பதிவு செய்யக் கூடாது என்பது அவ்விதி. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்கும் வேலையைச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை. சட்டம் தராததை விதி தர முடியாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்று விதி 55அ(1)ஐ ரத்து செய்தது. பட்டா மாறுதல் சான்றைக் கட்டாயமாக்கிய பீகார் மாநில விதியையும் அந்நீதிமன்றம் 2025 நவம்பரில் ரத்து செய்தது.

இத்தீர்ப்புகளின் ஒட்டுமொத்தப் பாடம் இதுதான்: மோசடியைத் தடுக்கும் எண்ணம் நல்லதாயினும், அதற்கான அதிகாரம் சட்டத்தில் வேர் கொண்டிருக்க வேண்டும், உரிமைத் தகராறை நீதிமன்றமே தீர்க்க வேண்டும். இதனால் பாதிக்கப்பட்ட ஏழைக்குச் சுமை கூடியது என்பதும் உண்மை. மாவட்டப் பதிவாளரிடம் ஒரு மனுவில் முடிந்திருக்கக்கூடியது, இப்போது வழக்கறிஞர், நீதிமன்றக் கட்டணம், பல வாய்தாக்கள் என நீள்கிறது.

வ. புதுப்பட்டியை வைத்து ஓர் எடுத்துக்காட்டு

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பகுதியில் உள்ள பேரூராட்சி வ. புதுப்பட்டி. இங்கே ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், பிழைப்புக்காகத் திருப்பூரில் பல ஆண்டுகளாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோப்பைப் பார்ப்பது ஓர் உறவினர். ஒரு நாள் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், அந்தத் தோப்பு ஆறு மாதத்துக்கு முன்பே வேறொருவருக்குக் கிரயமாகியிருக்கிறது. கையெழுத்து இவருடையதன்று, புகைப்படத்தில் இருப்பவரும் இவர் அல்லர்.

அவர் முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பெறுவது. அதில் எழுதியவரின் உரிம எண், சாட்சிகளின் பெயர், புகைப்படம், விரல் ரேகை எல்லாம் இருக்கும். இரண்டாவதாக, மாவட்டப் பதிவாளருக்கும் காவல்துறைக்கும் எழுத்தில் புகார் தர வேண்டும். மாவட்டப் பதிவாளரால் பத்திரத்தை ரத்து செய்ய இயலாவிட்டாலும், 68ஆம் பிரிவின்படி சார்பதிவாளரின் நடத்தையை விசாரிக்கலாம். குற்ற நடவடிக்கைக்கு வழி செய்யலாம். நில அபகரிப்பு வழக்குகளுக்கெனக் காவல்துறையில் தனிப் பிரிவுகள் உள்ளன.

மூன்றாவதாக, பத்திரம் செல்லாது என்று அறிவிக்கக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். ஆவணத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு, உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு என்று காலவரையறைச் சட்டம் கூறுகிறது. தீர்ப்பு வந்ததும் நீதிமன்றம் அதன் நகலைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பும். சார்பதிவாளர் தம் புத்தகத்தில் உள்ள நகலில் ரத்தானதைக் குறிப்பார். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இவ்வாறு சொல்கிறது. வழக்கு நடக்கும்போது மூன்றாவது ஆளுக்குத் தோப்பு கைமாறாமல் இருக்க, இடைக்காலத் தடையும் கேட்க வேண்டும்.

அவர் உண்மையிலேயே பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அதை உறவினர் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் நிலைமை வேறு. அப்போது ஆள்மாறாட்டம் இல்லை. நம்பிக்கை மோசடியே உண்டு. 'பவர்' எழுதிக் கொடுத்தவர்கள், அது தேவைப்படாத நாளில் அதைப் பதிவு செய்த ரத்துப் பத்திரத்தின் மூலம் முடித்துக்கொள்வதும், முகவருக்கு அறிவிப்பு அனுப்புவதும் இதனால்தான் அவசியமாகிறது. அதிகாரப் பத்திரத்தை வைத்து மட்டும் நிலம் வாங்கியதாக எண்ணுவோருக்கு உரிமை மாறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியது.

பிற நாடுகளில்

இலங்கையில் காணி உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர் நொத்தாரிசு. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசு கட்டளைச் சட்டம் அவருடைய கடமைகளை வகுக்கிறது. ஒவ்வொரு மாதமும் தாம் அத்தாட்சிப்படுத்திய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அவர் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆவணப் பதிவுக்குப் பதிலாக உரிமையையே பதிவு செய்யும் முறையை இலங்கை 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் தொடங்கியது. 'பிம்சவிய' என்னும் திட்டத்தின் கீழ் அது நடைபெறுகிறது.

இந்தோனேசியாவில் நிலப் பத்திரம் தயாரிப்பதற்கென அரசு நியமிக்கும் தனி அலுவலர்கள் உள்ளனர். 1998ஆம் ஆண்டின் அரசாணை அவர்களின் பதவியை வரையறுத்தது. அவர்களைப் பயிற்றுவிக்கவும் கண்காணிக்கவும் 2018இல் தனி அமைச்சக விதிகள் வந்தன. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டோரன்ஸ் முறையில் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்கு முடிவான சான்று. அங்கே பதிவு அலுவலரின் பிழையால் இழப்பு நேர்ந்தால் ஈடு செய்ய நிதி வைக்கப்படுகிறது. இந்தியாவில் அரசு உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. எனவே ஈடும் இல்லை.

பொதுமக்களின் பங்கு

சட்டத்தின் 57ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தும் எவரும் முதல் புத்தகத்தையும் இரண்டாம் புத்தகத்தையும் முதல் புத்தகத்தின் அட்டவணைகளையும் பார்வையிடவும், அப்புத்தகங்களின் பதிவுகளுக்கு நகல் பெறவும் உரிமை தருகிறது. உயில் அல்லாத அசையாச் சொத்து ஆவணங்கள் முதல் புத்தகத்தில் உள்ளன. பதிவு என்பதே ஊரறியச் செய்வதற்காகத்தான் என்பதால் இந்த உரிமை வைக்கப்பட்டது.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். வெளியூரில் வாழ்வோர், முதியோர், விதவைகள், வெளிநாட்டில் பணிபுரிவோர் ஆகியோரின் நிலங்களே மோசடிக்கு எளிதில் இலக்காகின்றன. அவர்கள் ஆண்டுக்கு இருமுறையேனும் தம் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பார்ப்பது பயனுள்ள பழக்கம். பட்டாவில் இறந்தவர் பெயர் இருந்தால் வாரிசுகள் பெயருக்கு மாற்றிக்கொள்வதும், உட்பிரிவு செய்து அளந்து கல் நட்டுக்கொள்வதும் நிலத்துக்கு வேலி போடுவதைப் போன்றவை. அலுவலகத்தில் கோப்பு தேவையில்லாமல் நின்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி காரணம் கேட்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

நிலம் வாங்குவோர் குறைந்தது 30 ஆண்டு வில்லங்கமும், தாய்ப் பத்திரங்களின் தொடர்ச்சியும் பார்ப்பது நெடுநாள் வழக்கம். மூல ஆவணத்தைக் கேட்டுப் பார்ப்பதில் வாங்குபவரும் கவனமாக இருக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே விற்பவரின் கையிலுள்ள மூலப் பத்திரத்தை வாங்கிப் படித்து, அதன் எண்ணையும் நான்கு எல்லையையும் வில்லங்கச் சான்றோடு ஒப்பிட்டு, தோப்பையோ வயலையோ நேரில் சென்று பார்த்து, பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு வருவது, எந்த அலுவலரும் அவருக்காகச் செய்து தராத சோதனையாகும்.